சுழலும் சேகரிப்பு: பழைய கார்களை வாங்குவதும் ஓட்டுவதும் விற்பதும்

பழைய கார்களைச் சேர்ப்பவர்களில் இரு வகையினர் உண்டு. ஒரு வகையினர் வாங்கிய வண்டியை விடமாட்டார்கள். கொட்டகை நிறைந்தால் இன்னொரு கொட்டகை போடுவார்கள். மற்ற வகையினரிடம் எப்போது பார்த்தாலும் மூன்றோ நான்கோ வண்டிகள்தான் நிற்கும். சில ஆண்டுகள் கழித்துப் போனால் அந்த இடத்தில் வேறு வண்டிகள் நிற்கும். வாங்கி, சரிசெய்து, கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்து, விரும்பிக் கேட்கும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் அடுத்ததைத் தேடுவார்கள். அருங்காட்சியகங்களும் பெருஞ்செல்வர்களும் முதல் வகை. சம்பளத்திலோ சிறுதொழிலிலோ வாழ்கிறவர்களுக்கு இரண்டாவது வழிதான் கட்டுப்படியாகும். இந்தியச் சாலைகளில் அம்பாசிடரும் ஃபியட்டும் ஹெரால்டும் இன்னும் ஓடுவதில் இவர்களின் பங்கு பெரிது. ஆனால் எழுத்தில் பதிவாவது பெரும்பாலும் முதல் வகையினரின் கதைதான்.

அந்த முதல் வகைக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு பிரான்சின் மியூலூஸ் பகுதியில் கம்பளி நூற்பாலைகள் நடத்திய ஷ்லும்ஃப் சகோதரர்கள். புகாட்டி கார்கள் மீது அவர்களுக்கு இருந்த பற்று அளவற்றது. 1964-இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து மொத்தமாக 30 புகாட்டிகளை வாங்கினார்கள். ஆலைக் கட்டடம் ஒன்றில் வெளியார் கண்ணில் படாமல் 400-க்கும் மேற்பட்ட கார்கள் சேர்ந்தன. ஆலைகள் நொடித்து, 1977-இல் வேலையிழந்த தொழிலாளர்கள் அந்தக் கட்டடத்தைக் கைப்பற்றியபோதுதான் உள்ளே இருந்தது உலகுக்குத் தெரிந்தது. சகோதரர்கள் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார்கள். சேகரிப்பு 1982-இல் பொது அருங்காட்சியகமானது. அவர்கள் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் புகாட்டிகளில் பல எங்கெங்கோ சிதறி அழிந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஓடுவதற்காகப் பிறந்த பொறிகள் ஆண்டுக்கணக்கில் ஓடாமல் கிடந்தன. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களின் வட்டமும் அந்தச் சுவர்களுக்குள் அடங்கிப்போனது. சுழலும் சேகரிப்பு இதற்கு நேர் எதிரானது. வண்டி கைமாறும்போது அதைப் பற்றிய அறிவும் கைமாறுகிறது.

ஒரு சேகரிப்பு எவ்வளவு பெரிதாகலாம் என்பதை முடிவு செய்பவை இடமும் பணமும் நேரமும். முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள்; உண்மையில் கழுத்தைப் பிடிப்பது மூன்றாவது. பழைய காரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்து, இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்ட வேண்டும். வேலைக்குப் போகும் ஒருவர் இப்படி மூன்று, நான்கு வண்டிகளைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் போனால் ஏதாவது ஒன்று மூலையில் நின்றுவிடும். நின்ற வண்டி கெடும்.

எந்த வண்டிகள்

எது 'பழைய கார்' என்பதற்கு ஒரே விடை இல்லை. லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்தில் 1905-க்கு முன் செய்யப்பட்டவற்றுக்கே இடம். பிரிட்டிஷ் வழக்கில் 'விண்டேஜ்' என்பது 1919 முதல் 1930 வரையிலான கார்களைக் குறிக்கும். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 30 ஆண்டு கடந்து, வரலாற்றுக்கு ஒத்த நிலையில் பேணப்பட்டு, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாத வண்டியை ஏற்கிறது. இந்திய மோட்டார் வாகன விதிகள் 50 ஆண்டு என்று கோடு போடுகின்றன. சந்தையோ இந்தக் கோடுகள் எதையும் பார்ப்பதில்லை. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் தங்கள் சிறுவயதில் வீட்டு வாசலில் நின்ற வண்டியைத் தேடுகிறார்கள். அதனால் தேவை தலைமுறைக்குத் தலைமுறை நகர்கிறது. ஒரு காலத்தில் மோரிஸ் மைனரையும் ஆஸ்டினையும் தேடியவர்களின் பிள்ளைகள் இன்று முதல் மாருதியைத் தேடுகிறார்கள். 1983 டிசம்பர் 14 அன்று முதல் சாவி கொடுக்கப்பட்டு, 2014 வரை ஓடிய மாருதி 800-இன் வரிசையில், 1986 வரை வந்த எஸ்.எஸ்.80 என்ற முதல் வடிவம் இப்போது மதிப்பு ஏறிய வண்டி.

இந்தியச் சந்தைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி அடைக்கப்பட்டு, உரிமம் பெற்ற சில நிறுவனங்கள் மட்டுமே கார் செய்ததால், வகைகள் மிகக் குறைவு. ஒவ்வொரு வகையும் பல பத்தாண்டுகள் ஓடியது. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்த அம்பாசிடர் ஐம்பதுகளின் கடைசியில் வரத் தொடங்கி 2014 மே மாதம் நின்றது. பம்பாயில் ஃபியட் 1100 பிரீமியர் பிரசிடெண்டாகி, பிறகு பத்மினியாகி, நூற்றாண்டின் திருப்பம் வரை வந்தது. மூன்றாவது, சென்னைக்குச் சொந்தமானது. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் பிராடக்ட்ஸ் நிறுவனம் வண்டலூர் ஆலையில் வேன்கார்டு, பென்னன்ட், ஹெரால்டு, கஸெல் என்று கார்களை வெளியிட்டது. ஹெரால்டு 1961-இல் வந்தது. நான்கு கதவு வைத்த மார்க் 3 அறுபதுகளின் இறுதியில் வந்தது. எண்பதுகளின் நடுவில் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரை முயன்றுபார்த்து, அது விலைபோகாமல், 1988-இல் கார் தயாரிப்பே நின்றது.

இந்தக் குறைந்த வகைகளே சுழலும் சேகரிப்பு நடத்துபவர்களுக்குப் பெரிய வசதி. ஒரே பி-சீரிஸ் 1489 சி.சி. இன்ஜின் அம்பாசிடரில் பல பத்தாண்டுகள் இருந்ததால், 1965 வண்டிக்கு வேண்டிய பல பாகங்களை 1985 வண்டியிலிருந்து கழற்றி மாட்டலாம். ஊருக்கு ஊர் அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகள் இருந்தன. ஹெரால்டுக்கு அந்த வசதி இல்லை. ஆலை மூடி நெடுநாளாகிறது. ஆனாலும் அதன் முன்பகுதி முழுவதையும் ஒரே தகடாக முன்னோக்கிக் கவிழ்த்து இன்ஜினை எட்டலாம். திரும்பும் வட்டம் சுமார் 25 அடிதான். தானே வேலை பார்க்க விரும்புகிறவருக்கு அதைவிட இணக்கமான வண்டி இந்தியாவில் வந்ததில்லை.

இன்னொரு அடுக்கு, சமஸ்தானங்களின் கார்கள். 1971-இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்டபின் அரண்மனைகளிலிருந்து ரோல்ஸ் ராய்ஸும் பியூயிக்கும் சொற்ப விலைக்கு வெளியேறின; பல கடல் கடந்தன. பின்னர் 1950-க்கு முந்தைய கார்களின் ஏற்றுமதி கட்டுப்படுத்தப்பட்டது. மறுபக்கம், மூன்று ஆண்டுக்கு மேல் பழகிய காரை இறக்குமதி செய்ய நெடுங்காலம் பொதுவாக வழியில்லாமல் இருந்தது. எனவே இந்தியாவில் கைமாறும் பழைய வண்டிகள் ஏறத்தாழ ஒரே குளத்துக்குள் சுற்றிவருபவை. அதில் ஒன்று உடைக்கப் போனால் அதற்கு ஈடாக இன்னொன்று வெளியிலிருந்து வருவது அரிது.

வாங்குதல்: முதலில் காகிதம், பிறகு தகரம்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, வண்டியைச் சுற்றி வந்து பெயிண்ட்டைப் பார்த்து மயங்குவது. அனுபவப்பட்டவர்கள் முதலில் கேட்பது ஆர்.சி. என்ற பதிவுப் புத்தகத்தை. அதில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கறை படிந்த தகட்டைத் துடைத்து, காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தால் எண் தெளிவாக விழும். எண்ணைச் சுற்றித் தகடு வெட்டி ஒட்டப்பட்ட தடம் தெரிந்தால் அங்கேயே விலகிவிடுவது நல்லது.

எரிபொருள் என்ன என்பதும் புத்தகத்தில் இருக்கும். இது சிறிய விஷயமல்ல. பெட்ரோல் விலை உறுத்திய காலத்தில் ஏராளமான அம்பாசிடர்கள் டீசல் இன்ஜின் ஏற்றப்பட்டு ஓடின. சிலவற்றில் அந்த மாற்றம் ஆர்.சி.யில் ஏறியது, சிலவற்றில் ஏறவில்லை. ஏறாத வண்டியைத் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) கொண்டுபோனால் ஆய்வாளர் திருப்பி அனுப்புவார். பழைய பெட்ரோல் இன்ஜினைத் தேடி மாட்டுவது முடியாததல்ல, ஆனால் அதன் எண்ணையும் முறைப்படி ஏற்ற வேண்டும். இந்தச் செலவை விலை பேசும்போதே கழித்துக்கொள்வதுதான் முறை.

1989-க்கு முந்தைய பதிவுகள் மூன்று எழுத்து, நான்கு இலக்க எண் கொண்டவை. மெட்ராஸ் கால எழுத்துகளோடு இருக்கும் பலகைக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு. ஆனால் பல பழைய பதிவுகள் கையால் எழுதிய பேரேடுகளில்தான் கிடக்கின்றன. 'வாகன்' கணினித் தொகுப்பில் ஏறியிருக்காது. ஏற்றினாலொழியப் பெயர் மாற்றமும் செய்ய முடியாது, வரியும் கட்ட முடியாது. பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே போய்ப் பேரேட்டைப் பார்த்து ஏற்றச் செய்ய வேண்டும். முதல் உரிமையாளர் இறந்துபோய், வாரிசுகள் நான்கு ஊரில் இருக்கும் வண்டியில் இந்த வேலை மாதக்கணக்கில் இழுக்கும். விலை மலிவாகச் சொல்லப்படும் வண்டிகளில் பாதிக்கு மேல் மலிவின் காரணம் இன்ஜினில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

காகிதம் தெளிந்தபின் தகரம். அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் தனிச் சேசிஸ் கிடையாது. பாடியே எல்லாப் பளுவையும் தாங்குகிறது. எனவே தரைத்தகடும் கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியும் துருவேறினால் வண்டியின் முதுகெலும்பே போனதாகும். கம்பளத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அடியில் பார்க்க வேண்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது; சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றிப் பாடி நெடுகத் தடவிப் பார்ப்பது எளிய, நம்பத்தக்க சோதனை. ஹெரால்டில் கதை வேறு. அதற்குத் தனிச் சேசிஸ் உண்டு. அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் பாடியைத் தாங்குகின்றன. அந்தக் கைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். கதவு சாத்தும்போது தூக்கித் தள்ள வேண்டியிருந்தால் அந்தக் கைகளைச் சந்தேகிக்கலாம்.

கடற்கரை ஊர் வண்டிக்கும் உள்நாட்டு வண்டிக்கும் வேறுபாடு பெரிது. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி வண்டிகளை உப்புக்காற்று அடியிலிருந்து தின்னும். கோயம்புத்தூர், சேலம், ஈரோடு பக்க வண்டிகளின் தகரம் பொதுவாகத் திடமாக இருக்கும். அதே வகைக் கார்களின் நல்ல மாதிரியைக் கண்ணால் பார்த்துவைப்பதும் உதவும்; கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளை 2015-இல் திறந்த ஜீடீ கார் அருங்காட்சியகம் அதற்கு ஏற்ற இடம். எது ஆலையில் வந்த பாகம், எது பின்னால் சேர்த்தது என்று பழகிய கண்ணுக்குத்தான் தெரியும்.

இன்ஜினைப் பற்றிப் பலர் கவலைப்படுவார்கள். உண்மையில் அது எளிதில் சரியாகும் பகுதி. புகை கக்கினால் ரீபோர் செய்து பிஸ்டன் மாற்றலாம். கிராங்கைக் கடைந்து புது பேரிங் போடலாம். இவற்றுக்கு வேண்டிய லேத் பட்டறைகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. கதவுக் கைப்பிடி, முன்பக்கக் குரோமியப் பட்டை, மீட்டர் கண்ணாடி, பின்விளக்கின் சிவப்பு மூடி போன்றவைதான் கிடைக்காது. சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் நாள் முழுக்க அலைந்தாலும் ஹெரால்டின் ஒரு விளக்கு மூடி கிடைக்கும் என்று சொல்ல முடியாது. எனவே 'இன்ஜின் ஓடவில்லை, ஆனால் எல்லாச் சாமானும் இருக்கிறது' என்ற வண்டி, 'ஓடுகிறது, ஆனால் பாதிச் சாமான் இல்லை' என்ற வண்டியைவிட மேல்.

சட்டம் போடும் எல்லைகள்

தனியார் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டுக்கு. அதன்பின் ஆய்வுக்குப் போய், ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது. 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 10,000 ரூபாயானது. இறக்குமதிக் கார்களுக்கு இது பல மடங்கு. பசுமை வரி தனி. ஒரே கொட்டகையில் நான்கு வண்டி வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு அற்பமல்ல. சேகரிப்பைச் சிறிதாக வைத்துச் சுழற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என்ற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. அதன்பின் நடைமுறை பலமுறை மாறியிருந்தாலும், ஒரு விளைவு நிலைத்தது: டெல்லி வண்டிகள் தடையில்லாச் சான்றோடு தெற்கே மலிவாக இறங்கின. இவற்றை வாங்குபவர்கள் இங்கே கட்ட வேண்டிய வாழ்நாள் வரியையும், பழைய எண் போய்ப் புது எண் வருவதையும் கணக்கில் எடுப்பதில்லை. அரசுத் துறைகளின் 15 ஆண்டு கடந்த வண்டிகளை 2023 ஏப்ரல் முதல் உடைக்கவே அனுப்ப வேண்டும் என்றானதால், ஏலத்தில் எடுத்து வந்த அம்பாசிடர் வரத்தும் நின்றது.

2021 ஜூலையில் வந்த விண்டேஜ் விதிகள் இந்தத் துறையில் ஒரு திருப்பம். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றிப் பிறந்த வடிவத்திலேயே இருக்கும் வண்டிக்குத் தனிப் பதிவு கிடைக்கும். மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' என்று வரும் எண் பலகை, கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டக்கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். வாடகைக்கு விடவே கூடாது. வண்டியை ஓட்டி அனுபவிக்க வாங்குகிறவர்களுக்கு இந்தப் பதிவு பொருந்தாது. சாதாரணப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே போவதுதான் அவர்களுக்கு ஏற்றது. ஐம்பது ஆண்டு தாண்டியதும் கட்டாயமாக இதற்கு மாற வேண்டும் என்று சிலர் சொல்வது சரியல்ல.

ஓட்டுதல்

நிற்கும் காரில் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஏன் ஓட்ட வேண்டும் என்பது விளங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டரின் உள்சுவரைத் துருவேற்றி பிஸ்டனைப் பிடித்துவிடும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படியும், ஜெட் அடைக்கும். வால்வு தண்டுகள் வழிகாட்டியில் ஒட்டிக்கொள்ளும். டயர் ஒரே இடத்தில் அமர்ந்து தட்டையாகும். எலி ஒயரைக் கடிக்கும். மழைக்காலம் முழுக்க மூடிவைத்த வண்டி, ஓடிக்கொண்டே இருந்த வண்டியைவிட அதிகச் செலவு வைக்கும் என்பது மெக்கானிக்குகள் எல்லோரும் அறிந்தது. இரண்டு நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நன்மைக்குப் பதில் தீமை. சூடேறாத சைலன்சரில் தண்ணீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

எண்ணெயும் எரிபொருளும் தனிக் கவனம் கேட்பவை. ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டோடு நாடு முழுக்க நின்றது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு அமரும் இடத்தை ஈயம்தான் தேயாமல் காத்தது. அது போனபின், ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட் அடித்துக்கொள்வது நிலையான தீர்வு. அடுத்தது எத்தனால். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் பழைய ரப்பர் ஓஸ்களை இளக்கி வெடிக்க வைக்கும், தக்கை கேஸ்கட்டைக் கெடுக்கும், ஈரத்தை இழுத்துக்கொண்டு டாங்கின் அடியைத் துருவேற்றும். பம்ப் முதல் கார்புரேட்டர் வரை ஓஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவது ஒரு நாள் வேலை. அதைச் செய்யாமல் விடுவது தீ விபத்தை அழைப்பது. நீண்ட நாள் நிறுத்தும்போது டாங்கை நிறைத்து வைத்தால் உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறையும்.

நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் உள்ள வண்டியை இன்றைய நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டக்கூடாது. மலையிறக்கத்தில் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும். தாழ்ந்த கியரில் இறங்குவதே வழி. டயரின் பட்டன் தேயவில்லை என்பது அது நல்ல டயர் என்பதற்குச் சான்றல்ல. பக்கச் சுவரில் நான்கு இலக்கமாக வாரமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும். பழைய டயர் ரப்பர் காய்ந்து வெடிக்கும். முன்னச்சில் கிங் பின்னுக்கும் மற்ற மூட்டுகளுக்கும் கிரீஸ் நிப்பிள் வழியாக அடிக்கடி கிரீஸ் ஏற்ற வேண்டும். இன்றைய காரில் இந்த வேலையே கிடையாது என்பதால் புதிய உரிமையாளர்கள் மறப்பது இதைத்தான். ஸ்டீயரிங் ஆட்டம் எடுப்பதும் இதனால்தான். பிரிட்டிஷ் வழிவந்த சில பழைய வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை பாடியில் இணைந்திருக்கும். தெரியாமல் மாற்றி இணைத்தால் டைனமோ முதல் ஆம்ப் மீட்டர் வரை பாழாகும்.

இந்தப் பழைய இன்ஜின்கள் எவ்வளவு பொறுத்துக்கொள்ளும் என்பதற்கு யாழ்ப்பாணத்தைவிடச் சிறந்த சான்று இல்லை. 1990-இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெட்ரோல் வரவு நின்றது. அங்கே ஓடிக்கொண்டிருந்தவை ஆஸ்டின் ஏ40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ், மோரிஸ் மைனர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. மெக்கானிக்குகள் அவற்றை மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் ஆவியாகாது. எனவே சில துளி பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அழுத்த விகிதம் குறைவான ஐம்பதுகளின் இன்ஜின் என்பதால்தான் இது முடிந்தது. அதே வேலையை எண்பதுகளின் ஜப்பானியக் காரில் செய்தால் இன்ஜின் தட்டி நொறுங்கும். கரி படிந்தது, இன்ஜின் ஆயில் நீர்த்தது, பிளக்கை அடிக்கடி சுரண்ட வேண்டியிருந்தது. ஆனாலும் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், திருமணங்கள் நடந்தன. அந்த ஆண்டுகளில் பாகங்களைக் கடைந்தும் வார்த்தும் கற்றுக்கொண்ட கைத்திறனை எந்தக் கையேடும் எழுதிவைக்கவில்லை. இலங்கையின் தென்பகுதியிலும் மோரிஸ் மைனர் வேரூன்றியிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மோரிஸ் மைனர் நிலையம் ஒன்று தனக்கு வேண்டிய தகட்டுப் பாகங்களை இலங்கையில் செய்து தருவித்தது. பிறந்த நாட்டில் கிடைக்காத பாகம், ஓடிக்கொண்டிருந்த நாட்டிலிருந்து போனது.

பணக் கணக்கு

பழைய கார் விலை ஏறுகிறது என்ற பேச்சு முழு உண்மையல்ல. 2022-இல் 1955-ஆம் ஆண்டு மெர்சிடஸ் 300 எஸ்.எல்.ஆர். ஒன்று 13.5 கோடி யூரோவுக்கு விற்றது. அதைச் சுட்டிக்காட்டி ஒரு பத்மினிக்கு விலை சொல்வது பொருந்தாது. எண்பதுகளின் இறுதியில், 1988-இல் என்ஸோ ஃபெராரி இறந்ததையொட்டி, மேலைநாட்டுச் சந்தை வெறிகொண்டு ஏறியது; தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அது சரிந்தபோது கடன் வாங்கி வாங்கியவர்கள் வண்டியையும் இழந்து கடனையும் சுமந்தார்கள். பழைய காரைக் கடனில் வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

சாதாரண வண்டியை முழுதாகச் செப்பனிட்டால், டிங்கரிங், பெயிண்ட், குரோமியம், சீட் என்று ஆகும் செலவு பெரும்பாலும் விற்கும் விலையைத் தாண்டிவிடும். இதை உணர்ந்தவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள்: ஒருவர் ஏற்கெனவே செலவழித்து முடித்த வண்டியை வாங்குவார்கள், அல்லது ஓடும் நிலையில், பழைய பெயிண்ட்டோடு உள்ள வண்டியை வாங்கிப் பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் செய்து அப்படியே ஓட்டுவார்கள். இரண்டாவதற்கு உலகெங்கும் மதிப்பு கூடிவருகிறது. பிறந்த பெயிண்ட்டை ஒருமுறை சுரண்டிவிட்டால் திரும்ப வராது.

இன்சூரன்ஸில் மூன்றாம் தரப்புக் காப்பு கட்டாயம். 2022 கட்டண முறையில் விண்டேஜாகப் பதிவான தனியார் காருக்கு அதில் பாதி தள்ளுபடி உண்டு. சொந்தச் சேதத்துக்கான காப்பில், ஐந்தாண்டு கடந்த வண்டியின் மதிப்பை உரிமையாளரும் நிறுவனமும் பேசி முடிவு செய்ய வேண்டும். புகைப்படம், செலவு ரசீது, மதிப்பீட்டாளர் அறிக்கை இல்லாமல் போனால் இரும்பு விலைதான் எழுதுவார்கள்.

வரியில் ஒரு நுட்பம் உண்டு. சொந்தப் பயன்பாட்டுக் கார் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை; எனவே அதை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி இல்லை. ஆனால் லாபத்துக்காகவே வாங்கி விற்றுக்கொண்டிருந்தால் அது தொழிலாகிவிடும். வருமானம் தொழில் வருமானமாகும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரிகள் பழைய காரில் கிடைக்கும் லாப அளவுக்கு 18 விழுக்காடு வரி கட்ட வேண்டும் என்று 2025 தொடக்கத்திலிருந்து ஆனது. பழைய வண்டி வியாபாரிகள் போக்குவரத்து அலுவலகத்தின் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆர்வலர் எந்த இடத்தில் வியாபாரியாகிறார் என்பதற்குச் சட்டம் எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. வாங்கிய வண்டியைத் தன் பெயருக்கு மாற்றி, இன்சூரன்ஸ் எடுத்து, உண்மையாகவே ஓட்டியவரிடம் அதற்கான சான்று தானாகவே இருக்கும்.

விற்றல்

எப்போது விற்பது என்பதற்கு நல்ல அளவுகோல் ஒன்று உண்டு: கடைசியாக எப்போது அதை விருப்பத்தோடு வெளியே எடுத்தார்கள் என்பது. ஒரு பருவம் முழுக்க எடுக்கவில்லையென்றால், ஓட்டத் துடிக்கும் வேறொருவர் எங்கோ காத்திருக்கிறார். விற்கும் முன் பெயிண்ட் அடித்துப் பளபளக்க வைப்பது வீண். வாங்குபவர் அடியில் என்ன மறைந்திருக்கிறது என்றே யோசிப்பார். பிரேக்கைச் சரிசெய்து, நல்ல பேட்டரி போட்டு, காகிதங்களை ஒரு கோப்பில் அடுக்கி, குறைகளை எழுதித் தருவதே விலையைத் தாங்கிப் பிடிக்கும். எந்த மெக்கானிக் எந்த வேலை செய்தார், எந்த வண்டியின் எந்தப் பாகம் இதற்குப் பொருந்தியது என்ற குறிப்பும் வண்டியோடு போக வேண்டும். சுழற்சியின் பயனே அதில்தான் இருக்கிறது.

யாருக்கு விற்கிறோம் என்பதும் பொருட்டு. ஆர்வலர் வட்டத்தில் வாய்மொழியாகப் போகும் வண்டி பெரும்பாலும் மீண்டும் கண்ணில் படும். அடையாளமே இல்லாத புரோக்கர் மூலம் போனது சில நேரம் சினிமாப் படப்பிடிப்பில் மோதி நொறுங்கும். சில நேரம் பாகம் பாகமாகப் பிரிந்து போகும். கொஞ்சம் குறைந்த விலைக்கு நல்ல கையில் கொடுப்பது இழப்பாகாது.

பெயர் மாற்றத்தில் மட்டும் எந்தத் தளர்வும் கூடாது. படிவம் 29-இலும் 30-இலும் கையெழுத்திட்டு, வாங்கியவர் 'பிறகு மாற்றிக்கொள்கிறேன்' என்று வண்டியை எடுத்துப் போவது நாடெங்கும் உள்ள பழக்கம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. பதிவேட்டில் பெயர் மாறாதவரை விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவரையே சேரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. வண்டி நான்கு கை மாறியிருந்தாலும் இதுவே நிலை. ஆண்டுக்கு ஓரிரு வண்டி விற்பவருக்கு இந்த அபாயம் பெருகிக்கொண்டே போகும். மாற்றம் முடிந்ததை இணையத்தில் பார்த்தபின் பாக்கிப் பணத்தையும் இரண்டாவது சாவியையும் மாற்றிக்கொள்வது பாதுகாப்பானது. வேறு மாநிலத்துக்கு விற்றால் படிவம் 28 வழியாகத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பழைய கடன் அடைந்திருந்தும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீங்காமல் இருப்பது இந்தக் கட்டத்தில்தான் பலருக்குத் தெரியவரும். அந்த வங்கியே இன்னொன்றோடு இணைந்து மறைந்திருந்தால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

உரிமையாளர் இறந்தால் நேர்வதையும் முன்பே யோசித்துவைக்க வேண்டும். கொட்டகையில் பூட்டியபடி நின்று துருவேறிய வண்டிகளில் பல, வாரிசுகளுக்குள் முடிவாகாமல் கிடந்தவை. 2021 முதல் ஆர்.சி.யிலேயே நியமனதாரரின் பெயரைச் சேர்க்கலாம். சேர்த்திருந்தால், இறப்பை 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். மற்ற வாரிசுகளின் கையெழுத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை. ஒவ்வொரு வண்டியும் எந்த நிலையில் இருக்கிறது, சாமான்கள் எந்தப் பெட்டியில் உள்ளன, யார் யார் அதைக் கேட்டிருந்தார்கள் என்ற குறிப்பும் ஆர்.சி.யோடு இருந்தால், வண்டிகளைப் பற்றி ஏதும் அறியாத குடும்பத்தாரும் அவற்றைச் சரியான விலைக்கு, ஓட்டக்கூடியவர்களிடமே சேர்த்துவிட முடியும்.